உப்புக்காற்று வீட்டுக்கு டிசைன் போட்ட பிளாக்அவுட் ரோலர் திரை: அளவெடுப்பது முதல் துடைத்து வைப்பது வரை

மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ இரவு முழுக்க விசைப்படகில் கிடந்து, விடிந்த பிறகு கரையேறுகிறவருக்குப் பாயை விரிக்கவே காலை பத்து மணி ஆகிவிடும். நைட் டியூட்டி முடித்து வரும் நர்ஸுக்கும், ராத்திரி முழுக்கக் கைக்குழந்தையோடு மல்லுக்கட்டிய தாய்க்கும் அதே நிலைதான். அந்த நேரத்தில் நம் கடற்கரையில் கண்ணைத் திறந்து வெளியே பார்க்க முடியாது. சன்ஷேட் இருக்கிறதே என்பார்கள். மேலிருந்து வரும் வெயிலை அது தடுக்கும், உண்மைதான். ஆனால் இங்கே வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது. வெள்ளை மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து நேராக அறையின் மேல்தளத்தில் போய் விழும். சாதாரண கர்ட்டன் அதை மங்கலாக்கும், நிறுத்தாது.

அதை நிறுத்துவதற்குத்தான் பிளாக்அவுட் ரோலர் திரை. அலுமினியக் குழாய் ஒன்று, அதில் சுற்றிய ஒளிபுகாத் துணி, அடியில் எடைக்கு ஒரு பட்டை, பக்கத்தில் இழுக்கும் மணிச்சங்கிலி. இவ்வளவுதான் சாமான். இழுத்துவிட்டால் தானே சுருளும் ஸ்பிரிங் ரோலருக்கு அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் காப்புரிமை வாங்கியது 1864-ல். இன்று நம் கடைகளில் அதிகம் கிடைப்பது சங்கிலி வகை.

கடைக்குப் போனதும் எல்லோரும் முதலில் புரட்டுவது டிசைன் புத்தகத்தைத்தான். நான் சொல்வது தலைகீழ் வரிசை. முதலில் ஜன்னல், அப்புறம் பொருத்தும் இடம், அப்புறம் பொருத்தும் சாமான் (அதன் விவரம் பின்னால் வருகிறது), அதற்குப் பிறகு துணி, கடைசியாக டிசைன். ஏனென்றால் நல்ல பிளாக்அவுட் துணி வழியாக வெளிச்சம் வராது, ஓரத்து இடைவெளி வழியாகத்தான் வரும். கடலோரத்தில் துணி கெடுவதற்கு முன்னால், குழாயைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டும் ஸ்க்ரூவும்தான் போகும். இந்த இரண்டையும் சரியாகப் பிடித்துவிட்டால் டிசைனை மனம்போல் எடுக்கலாம்.

எந்த ஜன்னலுக்கு வேண்டும்?

வீட்டில் பழைய மரக்கதவு ஜன்னல் இருந்து, கதவும் நேராக மூடுகிறது என்றால் அந்த ஜன்னலுக்கு இது வேண்டாம். பலகை ஜன்னலைவிட நல்ல பிளாக்அவுட் எந்தக் கடையிலும் கிடைக்காது. இடுக்குகளுக்கு ரப்பர் பீடிங் ஒட்டினால் போதும். கண்ணாடி பதித்த ஜன்னலுக்கும் ஸ்லைடிங் ஜன்னலுக்கும்தான் இந்தத் திரை தேவை.

அடுத்தது காற்று. பிளாக்அவுட் திரையை இறக்கினால் காற்றும் நின்றுவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தபடி திரையை இறக்கினால், காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் அடிப்பட்டை சுவரில் டமார் டமார் என்று மோதும். துணி கிரில்லில் உரசி உரசி, ஒளியைத் தடுக்கும் பின்பூச்சு கீறும். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் போல மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஊர்களில் தென்மேற்குப் பருவத்தில், கச்சான் காற்றில் இந்தத் தொல்லை. தொண்டி, தேவிபட்டினம் போலப் பாக் நீரிணைப் பக்கத்து ஊர்களில் வாடைக்காற்றுக் காலத்தில். அறையில் இரண்டு ஜன்னல் இருந்தால் இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு வேண்டியதில்லை. வெயில் வரும் ஜன்னலை மூடி பிளாக்அவுட் போடுங்கள். காற்று வரும் ஜன்னல் நிழல் பக்கமாக இருந்தால் அதற்குக் கனமான கர்ட்டனே போதும். ஏசி அறைக்கு இந்தக் கவலையே இல்லை.

வெயில் எந்த ஜன்னலில் வரும் என்பதைக் கொஞ்சம் யோசித்தே முடிவு செய்ய வேண்டும். ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகைக்குச் சற்று மேலே வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற வாரத்தில் உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. அதனால் வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்ற பேச்சு இங்கே செல்லாது. ஆனி, ஆடியில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வெயில் உள்ளே வரும். மார்கழி, தையில் பார்த்துவிட்டு அந்த ஜன்னலை விட்டுவிடாதீர்கள். கிழக்கும் மேற்கும் வருடம் முழுக்கக் கட்டாயம்.

உள்ளே பொருத்துவதா, வெளியே பொருத்துவதா?

இதில் எடுக்கும் முடிவுதான் அறை எவ்வளவு இருட்டாகும் என்பதைத் தீர்மானிக்கும்.

ஜன்னல் குழிக்குள், அதாவது சுவரின் கனத்துக்குள் பொருத்துவது ஒரு வகை. பார்க்க அடக்கமாக இருக்கும். ஆனால் குழாயின் ஒரு முனையில் சங்கிலியை இழுத்தால் குழாயைச் சுழற்றும் கிளட்ச், மறுமுனையில் குழாயைத் தாங்கும் முள் போன்ற 'பின்', இரண்டு பக்கமும் பிராக்கெட். இவை பிடிக்கும் இடத்தில் துணி இருக்காது. அதனால் துணியின் அகலம் மொத்த அகலத்தைவிட 30 முதல் 40 மி.மீ. குறையும். ஒரு பக்கத்துக்கு முக்கால் அங்குலம் வரை மேலிருந்து கீழ் வரை நேர்க்கோடாக வெளிச்சம் வரும். வரவேற்பறைக்கு இது பரவாயில்லை. பகலில் தூங்குகிறவருக்கு அந்த ஒரு கோடு முகத்தில் விழுந்தால் போதும், தூக்கம் போச்சு.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வீடுகளில் ஜன்னல் நிலை உள்சுவர்ப் பூச்சோடு சமமாக நிற்கும். குழியெல்லாம் வெளிப்பக்கம்தான். ஐந்தடி இறங்கும் பிளாக்அவுட் துணி முழுக்கச் சுற்றினால் ஏறத்தாழ 45 மி.மீ. தடிமன் வரும். பிராக்கெட்டையும் சேர்த்து மூன்று அங்குல ஆழமாவது வேண்டும். அவ்வளவு ஆழம் இல்லை, அல்லது கிரில்லின் கொண்டி உள்ளே துருத்திக்கொண்டு நிற்கிறது என்றால் உள்ளே பொருத்தும் பேச்சே கிடையாது.

படுக்கையறைக்கு என் தேர்வு வெளியே பொருத்துவதுதான். அதாவது குழிக்கு வெளியே, ஜன்னலுக்கு மேலே அறைப் பக்கச் சுவரில் பிராக்கெட் அடித்து, துணி இரண்டு பக்கமும் நான்கு அங்குலம், மேலே ஆறு அங்குலம், கீழே நான்கு அங்குலம் சுவர் மேல் ஏறி நிற்கும்படி எடுங்கள். பக்கத்தில் சுவிட்ச் போர்டு, பீரோ, லாஃப்ட் இடிக்குமா என்று பாருங்கள். ஜன்னல் அடியில் கிரானைட் பலகை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் துணி அதற்கு மேலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பட்டை பலகையில் மோதிச் சாயும்.

துணி குழாயின் பின்பக்கமாக இறங்கட்டும். கடைக்காரர் நேர்ச்சுருள், எதிர்ச்சுருள் என்று கேட்பார். பின்பக்கமாக இறங்கினால் துணி சுவரை ஒட்டி நிற்கும், இடைவெளி குறையும். கொண்டியோ கைப்பிடியோ இடித்தால் மட்டும் முன்பக்கமாக இறக்கச் சொல்லுங்கள்.

இன்னும் நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அதில் செலவும் குறைவு. பிளாக்அவுட் ரோலரை உள்ளே பொருத்தி, அதற்கு முன்னால் அறைப் பக்கமாக வழக்கமான கம்பியில் ஒரு பருத்தி கர்ட்டனைத் தொங்கவிடுங்கள். ரோலர் நேராக வரும் வெளிச்சத்தைத் தடுக்கும், கர்ட்டன் ஓரத்துக் கோட்டை மூடும். பரமக்குடி, எமனேஸ்வரம் தறித்துணி மேல் ஆசை இருந்தால் இங்கே போட்டுக்கொள்ளலாம். சில பேர் அந்தத் துணியையே ரோலரில் ஏற்றித் தரச் சொல்கிறார்கள். வேண்டாம். தறித்துணி ஈரத்தில் நெகிழும், காய்ந்தால் இறுகும். குழாயில் சுற்றினால் ஓரம் அலையலையாக வந்துவிடும். கர்ட்டனாகத் தொங்கினால்தான் அதற்கு அழகு.

அளவெடுக்கும் முறை

ஸ்டீல் டேப் எடுங்கள், துணி டேப் நீளும். மி.மீ. கணக்கில் எழுதுங்கள். அங்குலத்தில் சொல்லி, அரையா காலா என்று போனில் குழம்பிய ஆர்டர்கள் நிறைய.

உள்ளே பொருத்துவதானால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுத்து, மிகக் குறைந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சுவேலையில் 5 மி.மீ. வித்தியாசம் வருவது சகஜம். உயரத்தையும் மூன்று இடத்தில் எடுத்து, மிக அதிகமானதை எழுதுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஜன்னல் கோணல். அந்த ஜன்னலுக்குப் பேசாமல் வெளியே பொருத்திவிடுங்கள்.

வெளியே பொருத்துவதானால் ஜன்னல் அளவோடு மேலே சொன்ன அங்குலங்களைக் கூட்டுங்கள். ஒரு உதாரணம்: ஜன்னல் 1200 மி.மீ. அகலம், 1350 உயரம். பக்கத்துக்கு 100 கூட்டினால் துணி 1400 அகலம். மேலே 150, கீழே 100 கூட்டினால் 1600 உயரம்.

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. நீங்கள் கொடுப்பது துணியின் அகலமா, பிராக்கெட்டுக்குப் பிராக்கெட் மொத்த அகலமா, ஜன்னல் குழியின் அகலமா? குழியின் அகலம் என்றால் கழிக்க வேண்டியதைத் தயாரிப்பவரே கழிப்பார். நீங்களும் கழித்துவிட்டால் இரண்டு தடவை கழிந்து திரையின் அகலம் குறைந்துவிடும். ஆர்டர் சீட்டில் "துணி அகலம் 1400" என்று தெளிவாக எழுத வைத்து ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தடி அகலத்துக்கு மேல் போனால் குழாய் 38 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். மெல்லிய குழாய் நடுவில் தொய்யும். தொய்ந்தால் துணியில் ஆங்கில 'V' போட்ட மாதிரி சுருக்கம் விழும், அது பிறகு போகாது. விலை பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில்தான். சின்ன ஜன்னலுக்குக் குறைந்தபட்சச் சதுர அடி என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி: டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள்

பிளாக்அவுட் என்று விற்பதில் பாதி வெறும் அறையை மங்கலாக்கும் வகை. சாம்பிள் துண்டை வாங்கி, பின்னால் போன் டார்ச்சை ஒட்டிப் பிடித்து, இருட்டு மூலையில் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் அது பிளாக்அவுட் இல்லை. ஊசிமுனைப் புள்ளிகள் தெரிந்தால் பின்பூச்சு சரியாக ஏறவில்லை. பிறகு துண்டை மடித்து, நகத்தால் மடிப்பை அழுத்தி, பிரித்து, அதே இடத்தில் மறுபடி டார்ச் பிடியுங்கள். மட்டமான பூச்சு அந்த மடிப்பில் வெடித்து ஒரு வெள்ளிக்கோடு தெரியும். இந்த ஒரு சோதனையிலேயே பாதி துணிகள் ஒதுங்கிவிடும்.

சாதாரணமாகக் கிடைப்பது பாலியஸ்டர் துணியில் அக்ரிலிக் நுரைப்பூச்சு ஏற்றியது. கண்ணாடியிழையில் பிவிசி ஏற்றியதும் உண்டு. அது தட்டையாக நிற்கும், ஈரத்துக்கு அசையாது, விலை கூடுதல், டிசைன் குறைவு. எது எடுத்தாலும் வெளியைப் பார்க்கும் பின்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். வெள்ளை முதுகு வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்போ கருநீலமோ கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றால் அதுவே சூடாகி மதியத்தில் அறைக்குள் அனலைத் தள்ளும். முன்பக்கம் எந்த நிறமும் இருக்கலாம்.

துணியின் பக்க ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்தால் விட்டுவிடுங்கள். கத்தரியால் வெட்டாமல், இழை உருகி ஒட்டும்படி அல்ட்ராசானிக் முறையில் வெட்டிய ஓரம் பிரியாது.

டிசைன் எடுப்பது

இப்போதுதான் புத்தகத்தைத் திறக்கிறோம்.

சாதாரண கர்ட்டன் டிசைனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கர்ட்டனில் வெயில் ஊடுருவி நிறம் ஒளிரும். பிளாக்அவுட் துணியில் பின்னாலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் வராது. திரையை முழுக்க இறக்கினால் அறையே இருட்டு, டிசைனை யாரும் பார்க்கப்போவதில்லை. அதைப் பார்ப்பது இரவில், விளக்கு வெளிச்சத்தில். இல்லையென்றால் பகலில் பாதி ஏற்றிய நிலையில். அதனால் கடையின் டியூப்லைட்டுக்குக் கீழேயோ வாசல் வெயிலிலோ நிறத்தை முடிவு செய்யாதீர்கள். சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரி உங்கள் பல்பு வெளிச்சத்தில் சுவரில் குண்டூசியால் குத்திப் பாருங்கள். வெள்ளை பல்பில் அழகாகத் தெரிந்த கடல்நீலம் மஞ்சள் பல்பில் பச்சையாக மங்கிப்போகும்.

அடுத்தது, திரை பாதி நாள் சுருண்டேதான் இருக்கும். அப்போது தெரிவது அடியில் ஓரடி மட்டும். தென்னந்தோப்பும் படகும் சூரிய அஸ்தமனமுமாக முழு ஜன்னலுக்கு ஒரே படம் அச்சடித்துத் தருகிறார்கள். இறக்கினால் பிரமாதம், பாதி ஏற்றினால் வெறும் மணலும் படகின் அடிப்பகுதியும்தான் மிஞ்சும். குழந்தைகள் அறைக்கு ஆசைப்பட்டால் எடுங்கள், மற்ற அறைகளுக்கு நான் சொல்வது திரும்பத் திரும்ப வரும் டிசைன்தான். எந்த உயரத்தில் நிறுத்தினாலும் அது முழுமையாகவே தெரியும். அடியில் ஒரு கரை வைத்த டிசைன் கிடைத்தால் இன்னும் நல்லது, சுருண்டிருக்கும்போதும் சேலை முந்தானை மாதிரி அந்தக் கரை மட்டும் தொங்கும்.

டிசைன் எத்தனை செ.மீ.க்கு ஒரு தடவை திரும்புகிறது என்று கேளுங்கள். ஐந்தடி அகலத் துணிக்கு 60 செ.மீ. பெரிய பூ என்றால் குறுக்கே இரண்டு பூ வந்துவிட்டுக் கடைசியில் ஒன்று பாதியாக வெட்டுப்படும். 15 முதல் 30 செ.மீ.க்குள் திரும்புகிற டிசைன் நம் வீட்டு ஜன்னல் அளவுக்குப் பாந்தமாக இருக்கும். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் என்றால் இரண்டு திரையும் ஒரே ரோலிலிருந்து, டிசைன் ஒரே மட்டத்தில் தொடங்கும்படி வெட்டச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இந்த ஜன்னலில் கண் மட்டத்தில் இருக்கும் பறவை அந்த ஜன்னலில் ஒரு சாண் கீழே உட்கார்ந்திருக்கும். ரோல் மாறினால் நிறமும் ஒரு சாயல் மாறும்.

துணி ரோல்கள் பெரும்பாலும் 2 முதல் 3 மீட்டர் அகலத்தில் வருகின்றன. உங்கள் ஜன்னல் அதைவிட அகலம் என்றால் துணியைப் படுக்கைவசமாகத் திருப்பி வெட்டுவார்கள். அப்போது மரம் படுத்துக்கொள்ளும், கோடு குறுக்கே ஓடும். கட்டம், புள்ளி, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றாகத் தெரியும் இலைக்கொடி போன்றவற்றுக்குப் பரவாயில்லை. மேல் கீழ் உள்ள டிசைன்தான் வேண்டுமென்றால் ஒன்றுக்கு இரண்டு திரையாகப் பிரித்து, நடுவில் விழும் இடைவெளி ஜன்னலின் நடுச்சட்டத்துக்கு நேராக வரும்படி அமையுங்கள்.

எனக்குப் பிடித்தது பனை ஓலைப் பின்னல் போன்ற குறுக்குக் கட்ட டிசைன். ஒரு காலத்தில் நம் வீடுகளில் வெயிலுக்கு மறைவாகத் தொங்கியது ஓலைத் தட்டிதான். மணல் நிறத்திலும் இளம்பழுப்பிலும் அந்தப் பின்னல் வந்தால் சுண்ணாம்பு வெள்ளைச் சுவரில் நன்றாக உட்காரும். உப்புப் படிவும் தூசும் உடனே கண்ணில் படாது என்ற நன்மையும் உண்டு. ஒரே நிறத்தில் அடர்ந்த நீலம், கறுப்பு எடுத்தால் ஒரு வாரத்திலேயே வெண்படலம் தெரியும். ஜிகினா, ஃபாயில் ஒட்டிய டிசைன் வேண்டாம், உருளும்போது உரசி உதிரும். துணியிலேயே மேடுபள்ளமாக நெய்த டிசைனை எடுத்தால் டார்ச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். மேடான இடங்களில் பூச்சு மெலிந்திருக்கலாம்.

உப்புக்கு எதிராகச் சாமான்

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். அதாவது பிராக்கெட் மேல் படிந்த உப்பு ஒவ்வொரு இரவும் நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனைகிறது. மழையே இல்லாமல் இரும்பு துருப்பிடிப்பது இதனால்தான். திரை புதிதாக இருக்கும்போதே பிராக்கெட்டுக்குக் கீழே சுவரில் செம்பழுப்பாக ஒரு கண்ணீர்க்கோடு இறங்கினால், அது ஸ்க்ரூவின் தலையிலிருந்து வருவது. பெட்டியோடு வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் துத்தநாகமோ குரோமோ பூசிய சாதா இரும்பு. அதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்க்ரூவுக்கு எஸ்.எஸ். 316 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகத்தைக் கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். பாக்கெட்டில் ஏ4 என்று போட்டிருந்தால் அதுதான். ஏ2 என்றால் 304 ரகம், கடலிலிருந்து தள்ளி இருக்கும் உச்சிப்புளி, ராமநாதபுரம் நகரம் போன்ற இடங்களுக்குப் போதும். மணலை ஒட்டிய வீடுகளில் அதுவும் பழுப்புக் கறை காட்டும். ஊர் ஹார்டுவேர் கடையில் 316 இல்லையென்றால் படகு வேலைக்குச் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். காந்தம் பச்சக்கென்று ஒட்டினால் அது நமக்கு வேண்டிய ஸ்டெயின்லெஸ் இல்லை.

பிராக்கெட் கெட்டி நைலானாகவோ பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமாகவோ இருக்கட்டும். அலுமினிய பிராக்கெட்டும் எஸ்.எஸ். ஸ்க்ரூவும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடி பூக்கும். இடையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வாஷர் போட்டால் அது நிற்கும். சங்கிலி பிளாஸ்டிக் மணியாகவே இருக்கட்டும். ஸ்டீல் மணிச்சங்கிலி பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் மட்டமான ஸ்டீல் மணிகள் துருப்பிடித்தால் கையிலும் துணியிலும் கறை. அடிப்பட்டை துணிக்குள் தைத்து மூடியதாக இருந்தால் உப்பு அதைத் தொடாது.

மோட்டார் வகை பற்றியும் கேட்பார்கள். மாடிப்படி ஜன்னல் போலக் கை எட்டாத இடத்துக்கு மட்டும் பேட்டரி மோட்டார் எடுங்கள். கை எட்டும் ஜன்னலுக்குச் சங்கிலியே நல்லது. கெட்டால் கிளட்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பொருத்தும் நாள்

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். கீழக்கரை, ராமேஸ்வரம் பழைய வீடுகளில் கடல்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர்கள் இன்னும் இருக்கின்றன. அதில் ஹாமர் வைத்து டிரில் போட்டால் பூச்சு பொலபொலவென்று கொட்டி ஓட்டை பெரிதாகும். ஹாமரை அணைத்து, மெதுவாகத் துளையுங்கள். 5 மி.மீ. பிட்டில் தொடங்கி 6-க்குப் போங்கள். பிளக் ஆடினால் அந்த இடத்தில் ஒரு தேக்குப் பட்டையை நான்கு நீள ஸ்க்ரூவில் பிடித்து, அதன் மேல் பிராக்கெட்டை வையுங்கள். ஹாலோபிளாக் சுவருக்கு உள்ளே விரியும் வகை பிளக் வேண்டும். கான்கிரீட் லிண்டல் குறுக்கே வந்தால் ஹாமர் டிரில்தான், ஆழம் 40 மி.மீ. போதும்.

பிராக்கெட் இடத்தைப் பென்சிலால் குறித்து, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஜன்னல் சட்டத்தையோ மேல்தளத்தையோ நம்பாதீர்கள், அவையே மட்டமாக இருக்காது. ஒரு பக்கம் 3 மி.மீ. இறங்கினாலும் துணி அந்தக் கணக்கில் ஒரு பக்கமாக ஊர்ந்து பிராக்கெட்டில் உரசும். இரண்டு பிராக்கெட்டுக்கும் இடையில் குழாய் இறுகாதபடி 2 மி.மீ. கூடுதலாக இடம் விடுங்கள்.

துளையில் சேர்ந்த தூளை ஊதித் தட்டி எடுத்துவிட்டு பிளக்கை அடியுங்கள். பிராக்கெட்டை இறுக்கிய பின் கிளட்ச் முனையை முதலில் மாட்டி, பிறகு மறுமுனையில் உள்ள பின்னை அமுக்கி உள்ளே விடுங்கள். திரையை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றிப் பாருங்கள். துணி இடது பக்கமாக நகர்ந்தால் இறக்கி, குழாயின் வலது முனையில் வெற்றுக் குழாய் தெரியும் இடத்தில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். குழாய் பருத்த பக்கம் துணியை இழுக்கும். வலப்பக்கம் நகர்ந்தால் இடது முனையில் ஒட்டுங்கள். ஒரு சுற்றிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சங்கிலி விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். வளையமாகத் தொங்கும் சங்கிலி குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும், இதனால் உலகம் முழுக்கக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். சங்கிலியை இறுக்கிச் சுவரோடு பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி பெட்டியிலேயே இருக்கும், அதைக் கட்டாயம் திருகுங்கள். சங்கிலியின் அடி தரையிலிருந்து 1.5 மீட்டருக்கு மேலேயே நிற்கட்டும். தொட்டிலையோ கட்டிலையோ சோபாவையோ அந்தப் பக்கம் போடாதீர்கள், குழந்தை அதில் ஏறி நின்றால் அந்த 1.5 மீட்டருக்கு அர்த்தமில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே சங்கிலி இடமா வலமா என்பதைக் கட்டில் கிடக்கும் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இருட்டுச் சோதனை

மறுநாள் நண்பகலில் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, திரையை இறக்கி ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகியதும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது கோடு போட்டாற்போல் தெரியும்.

மேலே கோடு தெரிந்தால் குழாயை மூடும் கேசட்டோ ஒரு மரப் பெல்மெட்டோ போடுங்கள். பக்கத்தில் தெரிந்தால் எல் வடிவ பிளாஸ்டிக் பட்டையைச் சுவரில் நேராகப் பிடித்தால் துணியின் ஓரம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பசை டேப்பில் ஒட்டும் பட்டைதான் கிடைக்கும், ஆனால் சுண்ணாம்படித்த சுவரில் கடலோர ஈரத்தில் அது நிற்காது, சின்ன ஸ்க்ரூ போடுங்கள். அடியில் தெரிந்தால் அடிப்பட்டைக்குக் கீழே பிரஷ் பீடிங். ஜன்னல் குழியின் உள்பக்கம் பளபளக்கும் வெள்ளை எனாமல் என்றால் கசியும் வெளிச்சத்தை அதுவே அறைக்குள் திருப்பிவிடும். அங்கே மட்டும் பளபளப்பில்லாத அடர்நிற பெயின்ட் அடித்தால் நல்ல வித்தியாசம் தெரியும். கடைசியாகக் கதவின் அடி இடுக்கையும் பாருங்கள், பல அறைகளில் மிச்ச வெளிச்சம் அங்கிருந்துதான்.

பராமரிப்பு

வாரத்துக்கு ஒரு முறை திரையை முழுக்க இறக்கி ஒரு மணி நேரமாவது விடுங்கள். நாள்கணக்கில் சுருண்டே கிடந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுருளுக்குள் ஈரம் தங்கிக் கரும்புள்ளி விழும். பல்லி முட்டையிடும் இடமும் அதுதான். இறக்கியபடியே உலர்ந்த மெல்லிய துணியால் மேலிருந்து கீழாகத் தூசைத் தட்டுங்கள். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் இரண்டு பக்கமும் ஒற்றித் துடைத்து, காய்ந்த பிறகே சுருட்டுங்கள். போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் துடைக்காதீர்கள், குடிதண்ணீரை எடுங்கள். சோப்புத்தூள், பிளீச்சிங், பிரஷ் எதுவும் பின்பூச்சுக்கு ஆகாது. மெஷினில் போடவே கூடாது.

பிராக்கெட்டையும் ஸ்க்ரூ தலையையும் அதே ஈரத்துணியால் துடையுங்கள். துரு தடுப்பது உப்பைத் துடைப்பதில்தான் பாதி இருக்கிறது. கிளட்சுக்குள் தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ விடாதீர்கள். மணல் அதில் ஒட்டிக் கெட்டிப்பட்டு, சங்கிலி இழுக்க வராது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மணலைத் தட்டினால் போதும். காற்று மிகுந்த நாள்களில் ஜன்னலைத் திறப்பதற்கு முன் திரையை ஏற்றிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் குழாயோடு கழற்றி, நிற்கவைக்காமல் கட்டில் மேல் படுக்கவைத்துவிடுங்கள்.

ஆர்டர் சீட்டையும் துணியின் எண்ணையும் அளவையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச், பின், சங்கிலி மூன்றும் ஒரு செட் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. உடைகிற அன்றைக்கு மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்காது.